எங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினி

நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில், அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலுக்கு அடியிலோ, துணி சுற்றி வைக்கப்பட்ட பொருள் ஒன்று உண்டு. தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே அது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின் வழியாக, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற பிள்ளைகளின் கைகளுக்கு அது வந்து சேர்ந்தது. அதற்கு முன் கணினியைக் கடைக் கண்ணாடிக்கு அப்பால் மட்டுமே கண்டிருந்த வீடுகள் எத்தனையோ! அன்று அதன் மேல் தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்ன வீடுகளையும் நான் அறிவேன். இன்று அப்பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் வெளியூருக்கும் போய்விட்டார்கள்; மடிக்கணினி மட்டும் மிஞ்சி நிற்கிறது. எறிய மனம் வருவதில்லை. இயக்கினாலோ, ஒரு பக்கம் திறப்பதற்குள் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடித்துவிடலாம்.

எங்கள் வீட்டுக் கணினியும் அவ்வகையைச் சேர்ந்ததே. 2013இல் மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்றபோது கிடைத்தது. அவள் அதிலேயே பாடம் எழுதினாள். அதிலேயே வேலைக்கு விண்ணப்பித்தாள். செவிலியர் பணிக்கென்று வெளிநாடும் சென்றாள். பன்னிரண்டு ஆண்டு உழைத்த பின் பேட்டரி ஓய்ந்துபோனது இயல்பே. மின்கம்பியைச் செருகினால் ஓடும். உள்ளே இருந்தது விண்டோஸ் 7. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14ஆம் நாளோடு பொதுமக்களுக்கு நின்றுவிட்டன. குரோம் உலாவியும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அதற்குப் புதிய பதிப்புகள் தருவதை நிறுத்திக்கொண்டது. ஆகவே இணையத்தில் சில பக்கங்கள் திறக்க மறுத்தன. திறந்தவையும் எச்சரிக்கை காட்டின.

கடைக்குட்டி மகள் 2025இல் கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தாள். என்.பி.டெல். வழியாகச் சென்னை ஐ.ஐ.டி. முதலான நிறுவனங்கள் இணையத்தில் இலவசமாக வழங்கும் பாடங்களைக் கேட்க வேண்டும். கட்டுரைகளைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். வீட்டில் உள்ள கைப்பேசிகள் இரண்டு. ஒன்று என்னோடு வேலைக்குப் போய்விடும். மற்றொன்றின் உள்ளங்கை அகலத் திரையில் மணிக்கணக்காகப் படித்து அவளுக்குக் கண்வலியே மிஞ்சியது. பழைய கணினியைத் தட்டி எழுப்பிப் பார்ப்போம் என்று, கடைவீதியில் பழுது பார்க்கும் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன்.

அவர் நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். திறந்து பார்த்துவிட்டு இரண்டு வழிகள் சொன்னார். "சார், இதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். 35,000 ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கும். இல்லையென்றால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிய விண்டோஸ் போட்டுத் தருகிறேன். 500 ரூபாய் கொடுங்கள், போதும்" என்றார். உரிமம் உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் இந்த ஊரில் யார் சார் கேட்கிறார்கள்?" என்று சிரித்தார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் புதுநன்மைப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகள் கற்பிப்பவள். "ஏங்க, 500 ரூபாய்க்கு அவர் போட்டுத் தருவது யாருடைய பொருள்?" என்று கேட்டாள். கேள்வி அவ்வளவுதான். ஆனால் அதற்கு என்னால் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை.

ஏழாம் கட்டளையை நாம் அறியாதவர்கள் அல்லர். அடுத்தவன் களத்து நெல்லில் கை வைப்பது களவு. மின்கம்பியில் கொக்கி மாட்டுவது களவு. எடைக்கல்லில் குறை வைப்பதும் களவு. மென்பொருளைப் படியெடுத்துக்கொள்வது களவு என்று எண்ணுவோர் மட்டும் மிகச் சிலர். "எடுத்த இடத்தில் ஒன்றும் குறையவில்லையே" என்பது பலரும் சொல்லும் வாதம். அவ்வாதத்தை நான் முற்றிலும் புறந்தள்ளமாட்டேன். நாள் கூலியில் வாழும் குடும்பம் ஒன்றுக்கு உரிமத்தின் விலை மலைபோல் நிற்கிறது என்பது உண்மை. ஆயினும், விற்பவர் விலை கேட்கும் பொருளை விலை கொடாமல் எடுத்துக்கொள்வதற்கு வேறு அழகான பெயர் வைத்துவிட முடியாது. அதுவுமன்றி, யாரோ பூட்டை உடைத்து அனுப்பிய படியின் உள்ளே வேறு என்ன ஒளிந்து வருகிறது என்பது யாருக்குத் தெரியும்? அதே கணினியில்தான் நாம் வங்கிக் கணக்கையும் திறக்கப் போகிறோம்.

இன்னொரு சங்கடம் "அழித்துவிட்டு" என்ற சொல்லில் இருந்தது. என் தகப்பனார் இப்பகுதிக் கிராமங்களில் உபதேசியாராகப் பணி செய்தவர். 2014ஆம் ஆண்டில், தம் கடைசிக் காலத்தில், மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்து பழைய நினைவுகளை அவர் சொல்லச் சொல்ல, மூத்த மகள் இதே கணினியில் தட்டச்சு செய்தாள். நாற்பது பக்கங்களுக்கு மேல் இருக்கும். 2016இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அச்செடுத்து வைத்த படி ஒன்று கறையானுக்கு இரையாயிற்று. எஞ்சியது இந்தக் கணினிக்குள் இருப்பது மட்டுமே.

இந்நிலையில் 2025 கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்த எங்கள் பங்கு இளைஞர் ஒருவர், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து கேக்கு வழங்கிக்கொண்டிருக்கையில், பேச்சுவாக்கில் இதைக் கேட்டார். "மாமா, மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதே. லினக்ஸ் போட்டுப் பாருங்களேன். களவும் இல்லை, காசும் இல்லை. பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், உள்ளே இருப்பது ஒன்றும் அழியாது" என்றார்.

அதை வாசகர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். கணினியின் உறுப்புகளுக்கும் நாம் அதில் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளை இயக்குதளம் என்பர். பங்குக் கோவிலில் கோவில்பிள்ளை செய்யும் வேலை போன்றது அது. கதவு திறப்பதும் விளக்கேற்றுவதும் மணி அடிப்பதும் அவரே. திருப்பலிக்கு வருவோர் கண்ணில் அவர் படுவதில்லை. ஒரு நாள் அவர் வராவிட்டால்தான் தெரியும். விண்டோஸ் ஓர் இயக்குதளம், லினக்ஸ் மற்றொன்று. பின்லாந்து நாட்டில் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், 1991 ஆகஸ்டு 25ஆம் நாள், பொழுதுபோக்காக ஓர் இயக்குதளம் எழுதி வருவதாகச் சக கணினி ஆர்வலர்களுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் குனு என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து கற்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த பொது உரிமத்தின் சாரம். 1992இல் லினஸ் தம் நிரலையும் அந்த உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். அன்றுமுதல் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள், சிலர் ஊதியம் பெற்றும் பலர் பெறாமலும், அதற்குக் கை கொடுத்து வருகிறார்கள். நம் கையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸின் கருவே. உலகின் அதிவேகக் கணினிகள் 500 என்று வெளியிடப்படும் பட்டியலில், 2017 நவம்பர்முதல் எல்லாமே லினக்ஸில் இயங்குபவை. இதைக் கேட்டபோது, இலவசமாகக் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்ற என் பழைய எண்ணம் சற்று ஆட்டம் கண்டது.

இவ்விடத்தில் நம் மொழியைப் பற்றி ஒரு சொல். விலையில்லை என்பதற்கும் தளையில்லை என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால், இம்மென்பொருளின் தன்மையை அவர்கள் நீட்டி விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அத்தொல்லை இல்லை. ஒன்று இலவசம், மற்றொன்று கட்டற்றது. 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயரிட்டவர் யாராயினும் அவருக்கு என் வணக்கம்.

வேடிக்கை என்னவென்றால், இவ்விருந்தாளி எங்கள் வீட்டுக்குப் புதியவர் அல்லர். மைய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு சேர்த்தே பதிந்து தரப்பட்டது. திறந்ததும் இரண்டு பெயர்கள் தோன்றும். "எல்லாரும் விண்டோஸைத்தான் அமுக்குவோம் அப்பா; மற்றதைக் காட்டிக் கொடுக்க யாரும் இல்லை" என்று மூத்தவள் தொலைபேசியில் சொன்னாள். பக்கத்துக் கேரளத்திலோ, பள்ளி ஆசிரியர்களையே முதலில் பயிற்றுவித்து, அரசுப் பள்ளிகளை முழுமையாக லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். பொருளைக் கொடுப்பது ஒன்று. கூட இருந்து கற்றுக் கொடுப்பது வேறு என்று எனக்குத் தோன்றிற்று.

இளைஞர் பரிந்துரைத்தது 'லினக்ஸ் மின்ட்' என்னும் வகை. அதிலும் பழைய கணினிகளுக்கென்று இலேசாக அமைந்த 'எக்ஸ்.எஃப்.சி.ஈ.' பதிப்பு. குறைந்தது 2 ஜி.பி. ரேம் வேண்டும், 4 ஜி.பி. இருந்தால் வசதி என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். எங்களிடம் இருந்தது சரியாக 2. ஏறக்குறைய 3 ஜி.பி. அளவுள்ள கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் அதற்குரிய முறைப்படி ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவர் ரயிலேறிவிட்டார். மீதியை நானும் கடைக்குட்டியும் பார்த்துக்கொண்டோம்.

சோதித்துப் பார்த்த அந்த இரவைச் சிறிது விரித்துச் சொல்ல ஆசை. பென் டிரைவைச் செருகி, கணினியின் பொத்தானை அழுத்தியவுடன் எஃப்12 விசையை விடாமல் தட்டினோம். எதிலிருந்து எழ வேண்டும் என்று கணினி கேட்டது. பென் டிரைவைக் காட்டினோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. ஏதோ உடைந்தது என்று மனைவி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். இரண்டு நிமிடம் கழித்து அமைதியான ஒரு முகப்புத் தோன்றியது. கீழே ஒரு பட்டை, மூலையில் ஒரு பட்டியல், அவ்வளவே. இதன் சிறப்பு என்னவென்றால், இவ்வளவும் பென் டிரைவிலிருந்தே நடக்கிறது. கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டுப் பென் டிரைவை உருவிக்கொள்ளலாம்; பழைய விண்டோஸ் பழையபடியே எழும். வாங்குவதற்கு முன் சேலையை விரித்துப் பார்ப்பது போலத்தான். இந்த வசதி ஒன்றே, என் போன்ற ஐம்பது கடந்தவர்களின் அச்சத்தைப் பாதி போக்கிவிடும்.

ஒலி வந்தது, தொடுபலகை வேலை செய்தது, படம் தெளிவாக இருந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. அண்டை வீட்டு இணைப்புகளின் பெயர்கள்கூடத் தோன்றவில்லை. அந்தச் சில்லுக்குரிய ஓட்டுநிரலை அதன் தயாரிப்பாளர் கட்டற்றதாக வெளியிடாமையால், அது தனியாக இறக்கிக்கொள்ளப்பட வேண்டியது. இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையத்துக்கு அது வேண்டும்! சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். மகள் சற்று யோசித்தாள். கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்பில் யு.எஸ்.பி. வழி இணையம் பகிரும் வசதியை இயக்கினாள். கணினி உடனே இணையத்தைக் கண்டுகொண்டது. பிறகு 'ஓட்டுநிரல் மேலாளர்' என்ற பகுதி, வேண்டியதைத் தானே தேடிக் கொணர்ந்து அமர்த்தியது. கண்ணுக்கு முன்னே வைஃபை பெயர்கள் வரிசையாய் எழுந்தன. இதை வாசித்து முயல்வோர் அந்தக் கம்பியை அருகில் வைத்துக்கொண்டே தொடங்குவது நலம்.

ஒரு வாரம் பென் டிரைவிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே பதிக்க முடிவு செய்தோம். அதற்கு முன் பழைய கோப்புகள் அனைத்தையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்தோம். லினக்ஸில் இருந்தபடியே விண்டோஸின் அறைகளைத் திறந்து பார்க்க முடிந்ததால், அதுவும் எளிதாயிற்று. மகளின் புதுநன்மைப் படங்கள், மூத்தவளின் விண்ணப்பங்கள், தகப்பனாரின் நினைவுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. பதிப்பதற்குப் பிடித்த நேரம் அரை மணிக்கும் குறைவு. பின்னர், பழைய 2 ஜி.பி. ரேமோடு இன்னொரு பழைய ரேம் சேர்த்தோம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம். முதலில் சொன்ன அதே கடைக்காரரே பொருத்திக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய் ஆயிற்று. கணினி எழுந்து வேலைக்கு ஆயத்தமாகும் நேரம் நான்கு நிமிடத்திலிருந்து அரை நிமிடமாகக் குறைந்தது. "இந்த மாதிரியா ஓடுகிறது!" என்று அவரே வியந்து, அந்தப் பென் டிரைவை ஒரு நாள் கடன் வாங்கிச் சென்றார். தயக்கமின்றிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு உரிமை உள்ள பொருள் அல்லவா!

இனி, தகப்பனாரின் பக்கங்கள். கோப்பைத் திறந்தபோது திடுக்கிட்டோம். தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்த குப்பையாக நாற்பது பக்கமும் கிடந்தன. காரணம் இது: அந்நாளில் தட்டச்சு நிலையங்களில் புழங்கிய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியமர்த்தியவை. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழ் தோன்றும். இல்லையேல் அடியிலுள்ள ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். உலகப் பொதுவான ஒருங்குறியில் தமிழுக்கென்று தனியிடம் 1991முதலே உண்டு. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றது. எனினும் பழைய வழக்கம் கடைவீதியில் நெடுநாள் நீடித்தது.

பழைய எழுத்துருவை அமர்த்தியதும் தமிழ் திரும்பி வந்தது. ஆனால் அப்படியே விட்டால் இன்னும் பத்தாண்டில் மறுபடி இதே கதிதான். ஆகவே ஒருங்குறிக்கு மாற்ற முனைந்தோம். 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரல் தொகுப்பில் அதற்கான பகுதி இருக்கிறது. இத்தகையவற்றைத் தமிழிலேயே விளக்கும் கட்டுரைகளையும் நூல்களையும் 2012முதல் 'கணியம்' இதழ் இலவசமாக வெளியிட்டு வருகிறது. ஆங்கிலம் தடுமாறும் எனக்கு அதுவே துணை. நம் ஊரிலிருந்து ரயிலேறினால் அடுத்த பெரிய சந்திப்பான விழுப்புரத்தில், லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றி இக்கலையைக் கற்பித்து வருகிறது. பெரிய நகரத்துக்குப் போகாமலே கற்க வழி இருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மாற்றம் ஒரு நொடியில் முடிந்தது. மெய்ப்புப் பார்க்கவோ மூன்று வாரம் பிடித்தது. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து பதிவாகும்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியிலோ ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. 'மௌனம்' என்ற சொல்லின் பிற்பகுதிக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றாகையால், இயந்திரம் அதை 'மெளனம்' ஆக்கிவிடும். இப்படிப்பட்டவற்றை மனிதக் கண்தான் திருத்த வேண்டும். மகள் திரையைப் பார்த்து வாசிப்பாள். நான் கேட்டுத் திருத்தம் சொல்வேன். வெயிலில் மிதிவண்டி மிதித்துப் போய்த் தகப்பனார் நோயாளிகளுக்குச் செபம் சொன்ன ஊர்களின் பெயர்களும், மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்த இரவும், பீங்கான் சூளைத் தொழிலாளர்களுக்கு அவர் இரவில் எழுத்துக் கற்பித்த கதையும் எங்கள் கூடத்தில் மீண்டும் ஒலித்தன. அவர் உயிரோடிருந்தபோது கடைக்குட்டி சிறுமி. தாத்தாவை அவள் இப்போதுதான் முழுமையாகச் சந்தித்தாள் என்று நினைக்கிறேன்.

குறைகளை மறைக்கக் கூடாது. மகளின் பாடத்திட்டத்தில் உள்ள 'டேலி' கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. அதற்கு அவள் கல்லூரி ஆய்வகத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. கடிதம் எழுத உதவும் 'லிப்ரே ஆபீஸ்' நன்றாகவே உழைக்கிறது. எனினும் அட்டவணை நிறைந்த கோப்புகளை மற்றவர் கணினியில் திறந்தால் கட்டங்கள் சற்று நகர்ந்துபோகின்றன. பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புகிறாள். உலாவியில் பத்துப் பக்கங்களை ஒருசேரத் திறந்து வைத்தால் கிழவருக்கு மூச்சு வாங்கும். தமிழ்99 விசைப்பலகை முறை உள்ளேயே இருக்கிறது. பழைய தட்டச்சு முறையில் பழகிய விரல்களுக்கு முதல் மாதம் வேதனைதான்.

செய்தி பரவி, எங்கள் அன்பியத்தில் நால்வர் தங்கள் கணினிகளைக் கொண்டுவந்தார்கள். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்குரிய வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது; அடுத்த பதிப்போ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகையால், நன்றாக ஓடும் கணினியை வைத்துக்கொண்டே கவலைப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். மூன்று பிழைத்தன. இருபது ஆண்டைக் கடந்த மேசைக் கணினி ஒன்று பிழைக்கவில்லை. இறந்தோரை எழுப்பும் வல்லமை லினக்ஸுக்கு இல்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில், பயன்படுத்தியதும் தூக்கி எறியும் பண்பாட்டைக் கண்டித்தார். பீங்கான் ஊர்க்காரர்களாகிய நமக்கு அது புதிய பாடம் அன்று. சூளையில் வெந்து வெடித்த பொருள் மறுபடி குழைமண் ஆகாது. ஆனாலும் அதை வீணாக்காமல் அரைத்துத் தூளாக்கிப் புது மண்ணில் சேர்ப்பார்கள். அத்தூள் கலந்த மண் உலரும்போது சுருக்கம் குறையும், விரிசலும் குறையும். கணினியில் ஈயம் முதலிய நஞ்சுகள் உண்டு. செம்புக் கம்பிக்காக அதைத் தெருவோரம் எரிப்பவர்களின் மூச்சில் அவை கலக்கின்றன. இன்னும் ஐந்தாண்டு உழைக்கக்கூடிய ஒன்றை அந்த நெருப்புக்கு அனுப்ப என்ன அவசரம்?

மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு என் மனைவி இக்கணினியில்தான் புனித கார்லோ அகுதிசின் படங்களைக் காட்டுகிறாள். லினக்ஸ் பிறந்த அதே 1991இல் பிறந்து, நற்கருணைப் புதுமைகளை இணையத்தில் தொகுத்தளித்து, 2006இல் 15 வயதில் மறைந்த அச்சிறுவரை, 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்தார். "அவரும் கம்ப்யூட்டர் வைத்திருந்தாரா டீச்சர்?" என்பதே பிள்ளைகளின் முதற் கேள்வி.

தகப்பனாரின் பக்கங்களில் ஓர் இடம் மட்டும் எங்களை நெடுநாள் திணறடித்தது. கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் தை மாதத் திருவிழாவுக்குத் தாம் சிறுவனாக இருந்தபோது குடும்பத்தோடு வண்டி கட்டிப் போனதை அவர் சொல்லியிருந்தார். அக்கோவில் வீரமாமுனிவர் கட்டியதென்பது நாம் வழிவழியாய்க் கேட்டு வரும் செய்தி. அம்முனிவர்தாம் நம் எழுத்தையும் சீர்திருத்தியவர். ஓலைச்சுவடிக் காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டும் புள்ளியை எழுதுவோர் விட்டுவிட, குறிலா நெடிலா என்று வாசிப்போர் மயங்கினர். அம்மயக்கம் தீர, நெடிலுக்கென்று இரட்டைச் சுழிக் கொம்பை அவர் வகுத்தார். கோணான்குப்பப் பயணத்தைச் சொல்லும் வரியிலோ, "விடியுமுன் சேவலைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம்" என்று இருந்தது. சேவலை ஏன் பூட்ட வேண்டும்? கூண்டில் அடைத்தார்களா, நேர்த்திக்கடனாகக் கொண்டுபோனார்களா என்று நானும் மகளும் பலவாறு ஆராய்ந்தோம். மெய்ப்புப் படியில் அவ்வரிக்கு நேரே ஒரு கேள்விக்குறி இட்டு வைத்தோம்.

பொங்கலுக்கு வந்த என் அக்காவிடம் அப்பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சிந்திற்று. "சேவலை எவனாவது வண்டியில் பூட்டுவானா? செவலைடா தம்பி, செவலை! தாத்தா காலத்து மாடு. அப்பா எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!" என்றாள். மகள் இரட்டைக் கொம்பை அழித்து ஒற்றைக் கொம்பை இட்டாள்.